எத்தனை சுற்றுக்கு ஒரு சத்தம்?

ஆர்.கே.பேட்டையில் தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடுகிறது. பக்கத்து அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை எல்லாவற்றிலும் அதே சத்தம்தான். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அது வெறும் இரைச்சல். தறிக்காரரோ திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எழுந்து உள்ளே போய், ஓடுகிற தறிகளில் ஒன்றை மட்டும் நிறுத்துவார். எது கெட்டிருக்கிறது என்பது அவர் காதுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

இதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குத்தான். சாதாரண விசைத்தறியில் மேலே கிராங்க் ஷாஃப்ட், கீழே பாட்டம் ஷாஃப்ட். கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் நாடா ஒருமுறை குறுக்கே பாயும். பாட்டம் ஷாஃப்ட்டின் பல்சக்கரத்தில் பற்கள் இரண்டு மடங்கு என்பதால், நாடா இரண்டு முறை பாய்ந்தால்தான் அது ஒரு சுற்று முடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் ‘டக்’ கேட்டால் கோளாறு மேலே. ஒன்றுவிட்டு ஒன்று கேட்டால் கீழே. எத்தனை சுற்றுக்கு ஒரு சத்தம் என்று எண்ணத் தெரிந்தால் எந்த ஷாஃப்ட் என்று சொல்லிவிடலாம். ஆலைகளில் டர்பைன்களையும் பம்புகளையும் கண்காணிக்கும் அதிர்வுப் பொறியாளர்கள் லட்ச ரூபாய்க் கருவிகளை வைத்துக்கொண்டு செய்வதும் அடிப்படையில் இதுதான்.

இதே காதைக் கொண்டு செகண்ட் ஹேண்ட் காரையும் பார்க்கலாம். அதுவும் வேகத்துக்கென்றே வாங்கி, வேகமாகவே ஓட்டி, பிறகு விற்பனைக்கு வரும் கார்களை. இந்தியாவில் இந்த வகை கொஞ்சம்தான், ஆனால் ரசிகர்கள் அதிகம். 2004இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 2013இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2016இல் 99 வண்டிகள் மட்டும் விற்பனைக்கு என்று வந்த போலோ ஜிடிஐ, 2021இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன், அதே ஆண்டு மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பூட்டப்பட்டு வந்த பிஎம்டபிள்யூ எம்340ஐ. சென்னையில் வாங்கியவர் நாலைந்து வருடத்தில் சலித்துப்போய் விற்கிறார். வாங்குகிறவர் எங்கே இருந்தாலும் இருப்பார், திருத்தணிப் பக்கத்திலும் இருப்பார்.

வாங்குகிறவர் முதலில் பார்ப்பது பெயின்ட். பிறகு பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்ப்பார். ஆனால் இன்ஜினின் முறுக்கு விசையைச் சக்கரம்வரை கொண்டு சேர்க்கும் கூட்டம் முழுவதும், அதாவது கிளட்ச், கியர் பாக்ஸ், ஷாஃப்ட், ஜாயின்ட், டிஃபரன்ஷியல் எல்லாம், அடியில் இருக்கிறது. வேக வண்டி அடி வாங்குவதும் அங்கேதான்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. இன்ஜின் தருவது 250 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை மூன்றரை மடங்காக்கும். டிஃபரன்ஷியலின் கிரௌன் பினியன் இன்னும் நான்கு மடங்காக்கும். ஆக, 3,500. இரண்டு சக்கரத்துக்கும் பங்கிட்டால் ஒரு டிரைவ் ஷாஃப்ட்டுக்கு 1,750. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 178 கிலோ தொங்கினால் வரும் முறுக்கு அது. இன்ஜினிலிருந்து சக்கரத்தை நோக்கிப் போகப் போக வேகம் குறைந்து முறுக்கு ஏறுகிறது. கிளட்சை ‘பட்’டென்று விட்டுக் கிளப்புகிறவன் கையில் வண்டி இருந்திருந்தால், சக்கரம் மணலில் ஒருகணம் வழுக்கி அடுத்த கணம் தாரைப் பிடிக்கும்போது இந்த அளவையும் தாண்டிய அதிர்ச்சி அந்த ஷாஃப்ட்டில் இறங்கியிருக்கும்.

இனி சுற்றுக் கணக்கு. 205/55 ஆர்16 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 22 மீட்டர். ஆகவே சக்கரம் விநாடிக்கு 11 முறை சுற்றுகிறது. பின்சக்கர இழுவை வண்டியானால் நடுவில் ஓடும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு, 33 முறை. அந்த ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் பினியனுக்கு 11 பற்கள் என்றால், பல்லோடு பல் உரசுவது விநாடிக்கு 360 முறைக்கு மேல். முதலாவதை ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் உடம்பு உணரும். இரண்டாவது காலடியில் ஒரு ரீங்காரம். மூன்றாவது காதில் விழும் தெளிவான ஊளை. மூன்றும் ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் இருந்தாலும் கலந்துபோகாது, கவனித்தால் பிரித்துவிடலாம்.

முன்சக்கர இழுவை வண்டியில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கிடையாது. டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸோடு ஒரே கூட்டுக்குள் இருக்கும். அங்கே இன்ஜின் வேகம், சக்கர வேகம் என்ற இரண்டையும் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது. சோளிங்கர் சாலையில் காலியான இடமாகப் பார்த்து 60இல் நிதானமாகப் போங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். அதிர்வும் சேர்ந்து வேகமெடுத்தால் அது இன்ஜின், ஃப்ளைவீல், கிளட்ச் பக்கம். கியர் மாறியும் அதிர்வு அப்படியே இருந்தால் கியர் பாக்ஸுக்கு அப்பால், சக்கரத்தின் பக்கம். இடது வளைவில் உறுமல் கூடி வலது வளைவில் அடங்கினால் வலப்பக்கச் சக்கர பேரிங், ஏனென்றால் இடது வளைவில் வண்டியின் பாரம் வலப்பக்கம் சாய்கிறது.

காதை நம்பாதவருக்கு போன் இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் ஃபைபாக்ஸ் என்று ஒரு இலவசச் செயலியை வெளியிட்டிருக்கிறார்கள். போனுக்குள் இருக்கும் முடுக்கமானி அளப்பதை எடுத்து, எந்த அதிர்வு விநாடிக்கு எத்தனை முறை என்று கோடு போட்டுக் காட்டிவிடும். ஒரு வரம்பு உண்டு. உணரி விநாடிக்கு 100 முறை அளந்தால் 50 முறைக்குக் கீழே உள்ள அதிர்வைத்தான் நம்பலாம். சக்கரத்துக்கும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டுக்கும் அது போதும். பல்லின் ஊளையைப் பிடிக்க வேண்டுமானால் அதே செயலியில் மைக்கைப் பயன்படுத்த வேண்டும். வண்டியை ஓட்டுகிறவர் ஒருவர், போனைப் பார்க்கிறவர் வேறொருவர் என்று இருப்பதே உடம்புக்கு நல்லது.

சத்தம் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஸ்டாண்டு போட்டுத்தான் போக வேண்டும். லாரி ஷெட்டில் குழி இருந்தால் அதைவிட வசதி வேறில்லை.

குழிக்குள் நின்று டார்ச் அடித்தால் முதலில் தேட வேண்டியது கருப்புக் கிரீஸ். முன்சக்கரத்துக்கு உள்பக்கமாக, டிரைவ் ஷாஃப்ட் முடியும் இடத்தில், அக்கார்டியன் மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். அதற்குள் சிவி ஜாயின்ட். பூட் கிழிந்திருந்தால் சுழற்சியில் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியே தெறிக்கும். தெறிப்பது கண்டபடி அல்ல, ஷாஃப்ட்டுக்கு நேர்க்கோணத்தில் ஒரே பட்டையாக. ரிம்மின் உள்பக்கம், ஷாக் அப்சார்பரின் கீழ்ப்பாதி, சேசிஸின் விளிம்பு என்று அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டே போனால் கிழிசல் அகப்படும். பட்டை ஈரமாக மினுமினுத்தால் கிழிசல் புதிது. மண் ஒட்டிக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் பல மாதம் ஆகிவிட்டது. உள்ளே போன மணலில் இருப்பது குவார்ட்ஸ். ஜாயின்ட்டின் கடினமாக்கிய எஃகைவிட அது கடினம். கிரீஸோடு கலந்தால் பட்டறையில் வால்வுக்குத் தேய்க்கிற பேஸ்ட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

பழைய ஷாஃப்ட்டில் பளபளவென்று புது பூட் மாட்டியிருந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்போதுதான் சந்தேகம் அதிகமாகும். கிழிந்த அன்றே மாற்றினார்களா, ஜாயின்ட் அரைபட்ட பிறகு விற்பதற்காக மாற்றினார்களா? ஷாஃப்ட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. காதுதான் சொல்லும். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தால், தேய்ந்த வெளி ஜாயின்ட் சக்கரம் சுற்றும் தாளத்தில் ‘டக் டக் டக்’ என்று தட்டும். ஆறு பந்துகளும் ஓடும் பள்ளங்களில் குழி விழுந்திருக்கும். ஜாயின்ட் நேராக இருக்கும்போது பந்துகள் அந்தக் குழியிலேயே சும்மா உட்கார்ந்திருப்பதால் சத்தம் வராது. ஒடித்தால்தான் பந்து குழியில் ஏறி இறங்கும்.

இந்த ஆறு பந்து ஜாயின்ட்டை 1920களில் வடிவமைத்தவர் ஆல்ஃபிரட் ஜெப்பா, ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். 1959இல் வந்த பிரிட்டிஷ் மினி கார் இதை மாட்டிக்கொண்ட பிறகுதான் முன்சக்கர இழுவை உலகமெங்கும் பரவியது. அதற்கு முன்பு இருந்தது லாரியிலும் அம்பாசடரிலும் நாம் பார்த்த கிராஸ் ஜாயின்ட், 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்து எழுதியது. அதில் ஒரு குறை. கோணத்தில் சுற்றும்போது உள்ளே சீராகப் போகும் சுழற்சி வெளியே சீராக வராது. 10 டிகிரி கோணத்தில், ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை ஒன்றரை சதவீதம் வேகமாகவும் இரண்டு முறை அதே அளவு மெதுவாகவும் போகும். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு கிராஸ் வைத்து, ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டும்படி நேர்வைத்துப் பூட்டுவார்கள். யாரோ அவசரத்தில் ஷாஃப்ட்டைக் கழற்றி, அடையாளம் போடாமல், ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால் ஈடாகாது. ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு மிஞ்சும். 80இல் விநாடிக்கு 66. புது கிராஸ், புது பேரிங் என்று எத்தனை மாற்றினாலும் அது போகாது.

ஒரு சுற்றுக்கு ஒன்று என்றால் சமநிலை கெட்ட டயரோ வளைந்த ஷாஃப்ட்டோ. இரண்டு என்றால் கிராஸ். மூன்று என்றால்? முன்சக்கர வண்டிகளில் கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயின்ட் பெரும்பாலும் மூன்று உருளைகள் கொண்டது. அது தேய்ந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று முறை ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் தள்ளும். முழு ஆக்சிலேட்டர் கொடுத்து 40ஐத் தாண்டும்போது வண்டி முழுதும் பக்கவாட்டில் உதறி, காலை எடுத்ததும் சட்டென்று அடங்கினால் அதுதான். வேகப் பிரியர்கள் அழகுக்காக வண்டியைத் தாழ்த்தி ஸ்பிரிங் மாற்றுவார்கள். அப்போது ஷாஃப்ட்டின் கோணம் மாறிவிடும். முழு விசையில் அதிகக் கோணம் என்பது மூன்றுருளை ஜாயின்ட்டுக்கு ஆகவே ஆகாது. பலர் டயரை மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, கடைசியில் சாலையைத் திட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

குழிக்குள் இருக்கும்போதே கையாலும் ஒரு சோதனை. டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் இடத்தில் ஷாஃப்ட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி வேண்டும், அதனால் அது சரிதான். மேலும் கீழும் தூக்கிப் பார்த்தால் ஆடவே கூடாது. ஆடினால் பேரிங் போய்விட்டது. பிஎம்டபிள்யூ போன்ற பின்சக்கர வண்டிகளில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனையில் தடித்த ரப்பர் வட்டு ஒன்று இருக்கும். அதன் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி நட்சத்திரம்போல வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடித்த வட்டு, டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ‘டொக்’ என்று ஒருமுறை இடிக்கும்.

கிளட்ச் பக்கம் வந்தால் கதை வேறு. போலோ ஜிடிஐ வெளிநாட்டில் கையால் கியர் போடும் வடிவிலும் வந்தது. அதில் 1.8 லிட்டர் இன்ஜின் தந்தது 320 நியூட்டன் மீட்டர். அதே இன்ஜின், ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியோடு வந்தபோது 250. இந்தியாவுக்கு வந்தது இரண்டாவது. காரணம், உலர் கிளட்ச் இரண்டு கொண்ட அந்த டிகியூ200 பெட்டி தாங்கும் உச்ச அளவே 250தான். கம்பெனியே இன்ஜினை அடக்கிவைத்து விற்றது. அதைத்தான் நம் ஆட்கள் இன்ஜின் மென்பொருளை மாற்றி, அதாவது ரீமேப் செய்து, அவிழ்த்துவிடுகிறார்கள். விற்கும்போது பழைய மென்பொருளை ஏற்றிவிடலாம். தேய்ந்தது தேய்ந்ததுதான். பால் பேரிங்கின் ஆயுள், சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது லுண்ட்பெரியும் பாம்கிரெனும் 1947இல் சுவீடனில் வகுத்த விதி. சுமை 30 சதவீதம் கூடினால் ஆயுள் பாதிக்கும் கீழே போகிறது. எல்லா நேரமும் முழு விசையில் ஓட்டுவதில்லை என்பது வண்டியின் நல்ல காலம்.

இந்தப் பெட்டிக்கு வேறொரு வரலாறும் உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலக அளவில் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, இதே ஏழு கியர் பெட்டிக்காக. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் உள்ளே ஊற்றிய செயற்கை ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்று சொல்லி, மினரல் ஆயிலுக்கு மாற்றினார்கள். நம் ஊரின் வெயிலையும் புழுக்கத்தையும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

டிகியூ200இல் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கும் ரிவர்ஸுக்கும் இன்னொன்று. ஆகவே சோதனை எளிது. சின்ன ஏற்றத்தில் நிறுத்தி, மெதுவாக முன்னால் நகர்த்துங்கள். பிறகு அதேபோல் ரிவர்ஸில் ஏற்றுங்கள். முன்னால் போகும்போது மட்டும் உதறினால் முதல் கிளட்ச். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து தேய்வது பெரும்பாலும் அதுதான். ஸ்கேனர் மாட்டினால் கிளட்ச் எத்தனை முறை அளவுமீறிச் சூடானது என்ற பதிவுகூடக் கிடைக்கும். ஓடோமீட்டரைவிட அந்த எண்ணை நான் அதிகம் மதிப்பேன்.

டிஃபரன்ஷியலைச் சோதிக்க இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இயற்கையே ஒரு மேடை போட்டுவைத்திருக்கிறது. திருத்தணி மலைக்குப் படியேறாமல் வண்டியிலேயே போகும் பாதைதான் அது. இரண்டாவது கியரில் ஏறி, இரண்டாவது கியரிலேயே பிரேக் அதிகம் தொடாமல் இறங்குங்கள். ஏறும்போது பினியன் பல்லின் ஒரு முகம் தள்ளுகிறது. இறங்கும்போது சக்கரம் இன்ஜினை இழுப்பதால் எதிர்முகம் சுமக்கிறது. ஏறும்போது மட்டும் ஊளையிட்டால் தள்ளும் முகம் தேய்ந்திருக்கிறது, இறங்கும்போது மட்டும் என்றால் எதிர்முகம். இரண்டிலும் கேட்டால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கிருத்திகை நாளில் மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் ஹாரனைத் தவிர ஒன்றும் கேட்காது.

விற்பவர் சம்மதித்தால் டிரெயின் நட்டையும் கழற்றிப் பார்க்கலாம். பல பெட்டிகளில் அதன் நுனியில் காந்தம் இருக்கும். விரலில் தேய்த்தால் பிசுபிசுவென்று சாம்பல் நிறப் பசை வந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற சிலும்போ, தகடுபோலப் பெயர்ந்த செதிளோ வந்தால் பல்லின் மேற்பரப்பு உரிகிறது. ஆயிலில் பொன்னிறமாக மினுங்கினால் சின்க்ரோ வளையத்தின் பித்தளை. அது காந்தத்தில் ஒட்டாது, வெயிலில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ரயில்வே டீசல் ஷெட்களில் இன்ஜினைப் பிரிக்காமலே ஆயிலில் எந்த உலோகம் எவ்வளவு என்று நிறமாலைக் கருவியில் அளந்து, உள்ளே எது தேய்கிறது என்று சொல்கிறார்கள். நமக்கு விரலும் வெயிலும்.

நிறம் பால் காபியாக இருந்தால் உள்ளே தண்ணீர். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கிய கார்கள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடவில்லை. சீட்டை மாற்றி, ஒயரிங்கை உலர்த்தி, வாசனை அடித்து விற்கப்பட்டவை பல. சீட்டின் அடியில் சேறு பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் அதைத்தான் முதலில் சுத்தம் செய்கிறார்கள். டிஃபரன்ஷியலை யாரும் திறப்பதில்லை. அதன் தலையில் காற்று போய்வர ஒரு சிறு துவாரம், பிரீதர், இருக்கும். ஓடிச் சூடான கூடு 80 டிகிரியில் இருக்கும்போது 25 டிகிரித் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 16 சதவீதம் குறையும். ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்கு அது சமம். பிரீதர் வழியாகவும் சீலின் உதடு வழியாகவும் கூடே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு ஊரே மூழ்க வேண்டியதில்லை. சென்னை சுரங்கப்பாதை ஒன்றில் தேங்கிய தண்ணீர் போதும். ஆந்திரப் பக்கம் அம்மபள்ளி அணையைத் திறந்து கொசஸ்தலை பொங்கும்போது பள்ளிப்பட்டுத் தரைப்பாலத்தைத் துணிந்து கடந்த ஒரு மாலை போதும்.

அடிப்பாகம் முழுதும் புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்து மினுங்கினால், அதை அடித்த தேதியையும் காரணத்தையும் கேட்க வேண்டும். பூச்சு போகாத இடங்கள் உண்டு. சேசிஸின் வடிகால் ஓட்டைகளுக்குள் விரலை விட்டால் நைஸான வண்டல் ஒட்டும். ஷாஃப்ட்டின் பல்வரிகளுக்கு நடுவே துரு செங்காவியாகத் தெரியும். டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். புது ஆயில் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் சில வாரம் நின்ற பேரிங்கின் உருளைகளில் கண்ணுக்குத் தெரியாத அரிப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியின் விளிம்பிலிருந்தும் ஒரு நுண் விரிசல் உள்ளே இறங்கும். வாங்கும் நாளில் வண்டி சத்தமே இல்லாமல் ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து 60இல் லேசாகத் தொடங்கும் ஊளை, மாதங்கள் போகப் போக 40இலேயே கேட்கும். அதற்குள் வண்டி மூன்றாவது கைக்குப் போயிருக்கும்.